லண்டனில் வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் ஈஸ்ட் ஹாமில் தெரிந்த தம்பி ஒருவர் போனை நீட்டினார். "அண்ணா, 3 லட்சம் பவுண்டு, மாச வாடகை 1,450. கிட்டத்தட்ட 6 சதவீதம் நிக்குது!" எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் போட்டதும் இதே கணக்குதான்.

வீட்டை நேரில் பார், சர்வேயரை அனுப்பு என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள், அதை விடுங்கள்.

விளம்பரத்துச் சதவீதத்தை நம்புவது

1,450ஐ 12ஆல் பெருக்கினால் 17,400. 3 லட்சத்துக்கு அது 5.8 சதவீதம். ஏஜென்ட் காட்டுவது இதைத்தான். பொய் ஒன்றுமில்லை, செலவையும் காணோம், அவ்வளவுதான். லண்டனில் ஃபிளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்ஹோல்ட், அதாவது நிலமும் கட்டடமும் வேறொருவருடையது, நமக்குக் குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் உரிமை. லிஃப்ட், கூரை, படிக்கட்டு, கட்டட இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து சர்வீஸ் சார்ஜ் கட்ட வேண்டும், எவ்வளவு என்று முடிவு செய்வது வேறு யாரோ.

தம்பியின் கணக்கைத் திருப்பிப் போட்டோம். வருடத்தில் ஒரு மாதம் காலி என்றால் கைக்கு வருவது 15,950. ஏஜென்டுக்கு வாட் வரியோடு 12 சதவீதம், 1,914. சர்வீஸ் சார்ஜ் 3,200, நிலத்துக்குக் கட்டும் கிரவுண்ட் ரென்ட் 300, ரிப்பேருக்கு 900. மிச்சம் 9,636. முதலீட்டில் ஸ்டாம்ப் டியூட்டியையும் வக்கீல் செலவையும் சேர்த்தால் 3 சதவீதம்கூட முழுதாக வரவில்லை.

நான் வாங்கியது 2016 மார்ச்சில். ஏப்ரலில் இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் ஸ்டாம்ப் டியூட்டி வருகிறது என்று ஊரே ஓடியது, நானும் ஓடினேன். மூன்றாம் வருடம் லிஃப்ட் மாற்றப்போவதாக நோட்டீஸ். நம் பங்கு 250 பவுண்டைத் தாண்டினால் முன்பே கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்டார்கள், நானும் இரண்டு பக்கம் எழுதிப் போட்டேன், அப்புறம் பில் வந்தது. இன்றும் எரிச்சலாக இருப்பது அந்தப் பில் அல்ல. எல்பிஇ1 என்றொரு படிவம் உண்டு: மூன்று வருடச் சர்வீஸ் சார்ஜ் கணக்கு, வரப்போகும் பெரிய வேலைகள் எல்லாம் அதோடு வரும். வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டுக்குள் அதுவும் இருந்தது, லிஃப்டைப் பற்றி ஒரு வரியும் இருந்தது. நான் பிரிக்கவே இல்லை.

வட்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது

சொந்தப் பெயரில் வாங்கினால் 2020 ஏப்ரலிலிருந்து மோர்ட்கேஜ் வட்டியை வாடகையில் கழிக்க முடியாது, 20 சதவீத வரிச்சலுகை மட்டும்தான். மேலே சொன்ன ஃபிளாட்டுக்கு 2,25,000 கடன், 5 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 11,250. ஏற்கனவே 1,614 நட்டம். சம்பளம் 40 சதவீத வரி கட்டும் அளவில் இருந்தால், அதற்கு மேல் ஏறத்தாழ 1,900 பவுண்டு வரியும் வரும். நட்டத்துக்கு வரியா என்று தம்பி இரண்டு தடவை கேட்டார்.

ஸ்டாம்ப் டியூட்டி

கூடுதல் வீட்டுக்கு 2024 அக்டோபர் 31 முதல் 5 சதவீதம் அதிகம். 3 லட்சத்துக்கு மொத்தம் 20,000.

லீஸில் மிச்சம் 80 வருடத்துக்குக் கீழே

தொடாதீர்கள்.

லைசென்ஸ், டெபாசிட்

ஈஸ்ட் ஹாம் இருக்கும் நியூஹாம், 2013லேயே வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கொண்டுவந்த கவுன்சில். எங்கே வாங்கினாலும் அந்தக் கவுன்சிலின் விதியைப் பாருங்கள். குடியிருப்பவர் தரும் டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டத்தில் போடாவிட்டால் மூன்று மடங்கு வரை அபராதம்.

தம்பி மூன்று வருடச் சர்வீஸ் சார்ஜ் கணக்கை ஏஜென்டிடம் கேட்டிருக்கிறார். "முதல்ல ஆஃபர் போடுங்க, அப்புறம் அனுப்புறோம்" என்றார்களாம்.