எகிப்து ஆமை: அன்பால் செய்யும் தவறுகள்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஆமை அது. ஆணின் ஓடு சுமார் 10 சென்டிமீட்டர் நீளம்தான். பெண் கொஞ்சம் பெரியது, 14 வரை வரும். வட அரைக்கோளத்தின் மிகச் சிறிய தரை ஆமை இதுவே. லிபியா, எகிப்து, இஸ்ரேலின் மேற்கு நெகேவ் பாலைவனம் என மத்தியதரைக் கடலை அடுத்த வறண்ட நிலங்களில் மட்டும் வாழ்கிறது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதை அங்கே தள்ளியவர்களில் அதன்மேல் ஆசைப்பட்டவர்களும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பார்த்ததும் பலரும் குட்டி என்றே நினைக்கிறார்கள். நீங்கள் கையில் எடுப்பது முட்டையிடும் வயதுவந்த பெண்ணாக இருக்கலாம். ஒரு முறைக்கு ஒன்று முதல் ஐந்து முட்டைகள்தான் இடும். அந்த ஒரு பெண் போனால் இனி வரவேண்டிய எத்தனையோ வருடத்துக் குஞ்சுகளும் அதோடு போய்விடும்.

அடுத்தது, பாலைவனத்து ஆமைதானே, எந்த வெயிலையும் தாங்கும் என்ற எண்ணம். தாங்காது. கோடையில் இது புதருக்கடியிலோ எலி வளைக்குள்ளோ ஒடுங்கிக் கிடக்கும். மழை பெய்து சிறு செடிகள் முளைக்கும் குளிர்மாதங்கள்தான் இதற்கு வாழ்வுக்காலம். நடுக்குளிரில் வெயில் ஏறிய மதிய நேரத்தில் வெளியே வரும். கொஞ்சம் சூடு கூடினால் காலையிலும் மாலையிலும் மட்டும் நடமாடும். வெளிர்மஞ்சள் ஓடு வெப்பத்தை ஓரளவு திருப்பி அனுப்புகிறது. ஆனாலும் நிழல் இல்லாமல் பிழைக்காது. முழங்கால் உயரப் புதர் ஒன்றுதான் அதற்கு வீடு.

இது புரியாததால்தான் அந்த நிலத்தைத் தரிசு என்று சொல்லிவிடுகிறோம். என் கண்ணில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். எகிப்தின் வடகடற்கரையில் புதர்க்காட்டை உழுதார்கள், விறகுக்கு வெட்டினார்கள், ஆடுகளை அளவுக்கு மீறி மேயவிட்டார்கள், கடலோரம் முழுக்க உல்லாச விடுதிகள் கட்டினார்கள். வெறும் மணலாகத் தெரிந்த இடத்தில் ஆமை குடியிருந்தது யார் கண்ணிலும் படவில்லை. போதாததற்கு, மனிதர்கள் கொட்டும் குப்பையைத் தேடி அண்டங்காக்கைகள் வந்தால் ஆமைக் குஞ்சுகளையும் கொத்திக்கொண்டு போகும்.

வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. கடலில் நீந்துவதும் ஆமை, குளத்தில் இருப்பதும் ஆமை, தரையில் நடப்பதும் ஆமை. பெயர் ஒன்று என்பதால் தரை ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். அதற்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். ஈரப்பதம் மிகுந்த காற்றும் அதன் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. ஐரோப்பாவில் வேறொரு தவறு நடப்பதுண்டு: அங்கே வளர்க்கும் இன்னொரு தரை ஆமையான ஹெர்மன் ஆமையைப் போல இதையும் குளிர்கால உறக்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எகிப்து ஆமைக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அப்படிக் குளிரில் வைத்தால் செத்துவிடும்.

சரி, சந்தைக் கூண்டில் வாடிக் கிடப்பதைக் கண்டு மனம் கேட்காமல் காசு கொடுத்து மீட்கிறார்களே, அது நல்லதுதானே? அதில்தான் வலை இருக்கிறது. நீங்கள் கொடுத்தது இரக்கமா ஆசையா என்று விற்பவர் பார்ப்பதில்லை. கூண்டில் ஓரிடம் காலியானால் இன்னொன்றைப் பிடித்துவர ஆள் அனுப்புவார். எகிப்தில் ஆமை ஏறக்குறைய தீர்ந்துபோனபோது கெய்ரோ சந்தைகளுக்கு லிபியாவிலிருந்து சரக்கு வந்தது. மீட்க நினைத்தால் அதிகாரிகளிடம் தகவல் சொல்லுங்கள், பணத்தை நீட்டாதீர்கள்.

வாங்கியதைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் விடுவதும் தவறே. எங்கே பிடித்தது என்றே தெரியாது. புது இடத்தில் விட்ட ஆமை வளையும் புதரும் தெரியாமல் வெகுதூரம் அலையும். கூடவே நோயும் போகும். சந்தையில் பலவகை ஆமைகளை ஒரே பெட்டியில் அடைப்பார்கள். மத்தியதரை ஆமைகளிடையே பரவும் ஹெர்பீஸ் வைரஸை அறிகுறியே இல்லாமல் சுமப்பவை அவற்றில் இருக்கலாம். அப்படி ஒன்றை விட்டால் அங்கே மிஞ்சியிருக்கும் சிலவும் ஆபத்தில் சிக்கும்.

வெளிநாட்டு ஆமை, இந்தியச் சட்டம் என்ன செய்யும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலில் எகிப்து ஆமை 1995 முதல் இருக்கிறது; நம் நட்சத்திர ஆமை அதே பட்டியலுக்கு 2019-இல் போனது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டபின் சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களும் அதற்குள் வந்துவிட்டன. 2024 விதிகளின்படி, உயிருடன் வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். இணையத்தில் யாராவது குட்டி ஆமைப் படம் போட்டு விலை சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எகிப்தில் இந்த ஆமை அறவே அற்றுப்போனதாக நினைத்திருந்த காலத்துக்குப் பிறகு, வடசினாயின் ஸரானிக் காப்பகத்தில் சில மிஞ்சியிருப்பது தெரியவந்தது. அங்கே வாழும் பெதுயின் என்ற பாலைவனப் பழங்குடி மக்கள் மணலில் பதிந்த சின்னஞ்சிறு காலடிகளைப் பின்தொடர்ந்தே ஆமை எந்தப் புதருக்கடியில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஆய்வாளர்கள் அவர்களைத்தான் கூட வைத்துக்கொண்டார்கள். அங்குள்ள பெண்கள் ஆமை உருவத்தைத் துணியில் தைத்து விற்றார்கள். ஆமை மண்ணிலேயே இருக்க, வீட்டுக்கு வருமானமும் வந்தது.