அப்பாவிடம் கார் சாவியைக் கேட்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் முதியவர்களை என்னிடம் அழைத்து வருவது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். உட்கார்ந்ததும் கேட்பார்கள்: "டாக்டர், அப்பா இன்னும் கார் ஓட்டலாமா?" அப்பா பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். அவர் முன்னாலேயே விசாரிக்கத் தொடங்குவதுதான் டாக்டர்களான நாம் செய்யும் முதல் தவறு. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மகளும் உண்மையைச் சொல்லமாட்டாள். அவருடைய சம்மதத்தோடு குடும்பத்தாரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். "நன்றாக ஓட்டுகிறாரா?" என்று கேட்காதீர்கள். வாசல் தூணில் உரசினாரா, பழகிய வழியில் தடுமாறினாரா என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளை அவர் காரில் அனுப்புவீர்களா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமானால், அந்தத் தாமதமே பதில்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தேவாரத்தைப் பிழையின்றிச் சொன்னார், தேதியும் கிழமையும் சரியாகச் சொன்னார். தகுதி உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சில வாரங்களில், ரோபோவில் (போக்குவரத்து விளக்கில்) வலப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த வண்டியில் மோதினார். நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் வலப்பக்கத் திருப்பம்தான் கடினம்: எதிர்வரும் வண்டியின் வேகம், நடந்து கடப்பவர், விளக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கணக்கிட வேண்டும். நினைவுச் சோதனை அதை அளப்பதில்லை. எண்ணையும் எழுத்தையும் மாறி மாறிக் கோட்டால் இணைக்கும் தாள் சோதனை ஓரளவு காட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் இழுத்தால் எச்சரிக்கை. அதற்கும் மேலே சந்தேகம் இருந்தால், அன்றாடச் செயல்திறனை மதிப்பிடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உடன் அமர்ந்து பார்க்கும் சாலைச் சோதனைதான் வழி.

கண் விஷயத்தில் வேறொரு மயக்கம் உண்டு. சாதாரணக் கார் உரிமத்துக்கு ஒவ்வொரு கண்ணிலும் 6/12 பார்வை வேண்டும், அதாவது நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலாவது படிக்க வேண்டும். ஒரு கண் அதற்குக் குறைந்தால் மற்றது 6/9 இருக்க வேண்டும். கண்ணாடி போட்டும் பார்க்கலாம். ஆனால் எழுத்துப் பலகையை முழுதும் படிப்பவருக்குக்கூட, கண் அழுத்த நோயால் பக்கப் பார்வை சுருங்கியிருக்கலாம். அதனால்தான் விதி பக்கப் பார்வையையும் கேட்கிறது. கண்புரையோ வேறு கதை: இரவில் எதிர்வரும் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும், அறுவைக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். கண்புரை உள்ளவரிடம் "நிறுத்துங்கள்" என்று சொல்வதைவிட "அறுவை முடியும்வரை இரவில் வேண்டாம்" என்பதே சரி.

மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது எங்கும் நடக்கிறது. தூக்க மாத்திரை, சளி மருந்து, நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் எல்லாம் மந்தம் தரும். புரட்டாசி வந்தால் கவலை கூடுகிறது. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை விரதமிருந்து, வெறும் வயிற்றில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோவிலுக்குக் காரில் கிளம்புகிறார்கள். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். 4-க்குக் கீழே ஓட்டவே கூடாது, சரியான பிறகும் முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும்.

எழுபது வயது ஆகிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது. கழுத்து திரும்புகிறதா, கால் பெடலிலிருந்து பெடலுக்குச் சட்டென்று போகிறதா என்று பாருங்கள். 1996-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் கட்டுப்படாத வலிப்பு, திடீர் மயக்கம், கட்டுப்படாத சர்க்கரை நோய், குறைந்த பார்வை போன்றவற்றையே தடையாகச் சொல்கிறது. தனக்குத் தடை இருப்பது தெரிந்தவர் 21 நாளுக்குள் உரிமத்தை ஒப்படைக்க வேண்டும். இதை நோயாளியிடம் வாயால் சொல்லி, கோப்பிலும் எழுதிவையுங்கள்.

நிறுத்தச் சொல்லிவிட்டுக் கைகழுவுவதும் பிழை. மேட்டுப் பாதையில் மினிபஸ் டாக்ஸிக்கு நடந்து ஏறுவது முழங்கால் வலிக்காரருக்கு லேசல்ல. என்னிடம் வந்த ஒரு தாத்தா சாவியைத் தர மூன்று மாதம் மறுத்தார். மருந்து வாங்கும் நாளுக்கும் வெள்ளிக்கிழமைக் கோவிலுக்கும் யார் அழைத்துப் போவது என்று பிள்ளைகள் காலண்டரில் எழுதி ஒட்டிய அன்று தந்தார்.