சர்ச்சில் பியானோ கச்சேரியை நேரடியாகப் பதிவு செய்வது எப்படி: குமரி மாவட்டத்துக்கான குறிப்புகள்

ஷோப்பன், ஷூமன், ஃபிரான்ஸ் லிஸ்ட் என்று ரொமான்டிக் காலத்துப் பியானோ இசையைப் பதிவு செய்யும்போது உரத்த இடங்கள் பெரிய தொல்லை தருவதில்லை. மெல்லிய இடங்கள்தான் தரும். லிஸ்டின் பி மைனர் சொனாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் அரை மணி நேரம் ஓடும். பதுங்கி ஒலிக்கும் சில ஜி ஸ்வரங்களில் தொடங்கி, நடுவே இரு கைகளும் ஆக்டேவில் (ஒரே ஸ்வரத்தைக் கீழும் மேலும் சேர்த்து) இடித்து, கடைசியில் பியானோவின் அடிக்கோடி பி ஸ்வரத்தை ஒரே ஒரு தட்டு தட்டி முடியும். அது சுமார் 31 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 31 அதிர்வுதான். இடியை எந்த ரெக்கார்டரும் பிடித்துவிடும். அந்தக் கடைசித் தட்டைச் சீலிங் ஃபேன் விழுங்கிவிடும். எனவே மைக் வாங்குவதற்கு முன் இடத்தைப் பாருங்கள்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் உயரமான கூரையும் தடித்த சுவரும் உள்ள பழைய சர்ச் கிடைத்தால் அதுவே நல்லது. கல்யாண மண்டபம் வேண்டாம். ஷீட் கூரையில் மழை விழுந்தால் அத்தோடு முடிந்தது. கச்சேரிக்கு முந்தைய வாரம் அதே கிழமை, அதே நேரம் போய், ஃபேனை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் வெறும் அறையைப் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். பழைய டியூப்லைட் சோக்கின் ரீங்காரம், தண்ணீர் மோட்டார், வளைவில் பஸ் ஹாரன் எல்லாம் அப்போதுதான் தெரியும். பக்கத்துக் கோவில் கொடை, சர்ச் திருவிழாத் தேதிகளையும் விசாரித்துவிடுங்கள். குழாய் ஒலிபெருக்கியை எந்த ஜன்னலும் தடுக்காது.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் பியானோவின் ஒலிப்பலகை உப்பும். நடு ஆக்டேவ்கள் மற்ற இடங்களைவிட அதிகமாக ஸ்ருதி ஏறும், கட்டைகளின் ஃபெல்ட் வீங்கி ஒன்றிரண்டு கட்டை அமுங்கியபடி நிற்கும். ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை பாதுகாப்பான காலம். பியானோவை மூன்று நாள் முன்பே அதன் இடத்தில் வையுங்கள். ட்யூனிங் அன்று காலையில், கதவுகளும் மேடை விளக்குகளும் கச்சேரியில் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து நடக்க வேண்டும். வழக்கமாக ஏசி ஓடாத அறையில் அன்றைக்கு மட்டும் ஏசி போட்டால் மாலைக்குள் ஸ்ருதி நகரும். பெரும்பாலான ஸ்வரங்களுக்கு மூன்று தந்திகள். ஆக்டேவ்களை அடுக்கடுக்காக இடிக்கும்போது அவற்றில் ஒன்று விலகினாலும் பதிவில் பளிச்சென்று கேட்கும். ட்யூனர் வெளியூர்க்காரர் என்றால், இடைவேளையில் ஒருமுறை சரிபார்த்த பிறகு பஸ் ஏறச் சொல்லுங்கள்.

மைக் விஷயத்தில் மைக் செட்டுக்காரர்களின் வழக்கம் இங்கே உதவாது. பியானோ மூடிக்குள் மைக்கை நுழைத்தால் சுத்தியல் தட்டும் பெடல் முனகலும்தான் முன்னே நிற்கும். பெடலில் கலந்து மிதக்கும் ஒலிக்குக் கொஞ்சம் காற்று வேண்டும். மூடியை முழுக்கத் தூக்கி, பியானோவின் வளைந்த பக்கத்திலிருந்து சுமார் 2 மீட்டர் தள்ளி, 1.8 மீட்டர் உயரத்தில் இரண்டு ஆம்னி மைக்குகளை (எல்லாப் பக்க ஒலியையும் பிடிப்பவை) 40 முதல் 60 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். எதிரொலி மிஞ்சினால் கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும்) மைக் ஜோடிக்கு மாறுங்கள்: 17 செ.மீ. இடைவெளி, 110 டிகிரி கோணம். ஒரே எட்டு பாரை (தாளக் கட்டை) 1.5, 2, 2.5 மீட்டரில் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். காலி சர்ச்சில் எதிரொலி ஒரு பிடி அதிகமாகத் தோன்றும் தூரம்தான் சரி. 200 பேர் வந்து உட்கார்ந்தால் அவர்கள் உடையே அதை, குறிப்பாக மேல் ஸ்வரங்களின் பளபளப்பை, உறிஞ்சிவிடும்.

ரெக்கார்டரில் பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். ஒத்திகையின் மிக உரத்த இடம் ரெக்கார்டர் மீட்டரில் -12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள் (0 தான் உச்ச வரம்பு). ஆள் நிறைந்த மேடையில் கை இன்னும் பலமாக விழும். ஆட்டோ கெய்ன் (தானே ஒலி அளவை ஏற்றி இறக்குவது), லிமிட்டர் (உரத்த இடத்தை அமுக்குவது) இரண்டையும் அணையுங்கள். ஆட்டோ கெய்ன் மெல்லிய இடத்தில் அறை இரைச்சலை ஏற்றி, அடுத்த கார்டில் (பல ஸ்வரங்கள் சேர்ந்து விழும் இடத்தில்) குப்பென்று அமுக்கும். மைக்கிலுள்ள லோ-கட் (கீழ் ஒலிகளை நீக்கும்) சுவிட்ச் 80 ஹெர்ட்ஸில் வெட்டினால் அந்தக் கடைசி பி-யின் அடித்தளம் போய்விடும். கரண்ட் போகும் என்றே வைத்துக்கொண்டு ரெக்கார்டரைப் பேட்டரியில் ஓட்டுங்கள். மைக்குக்கு ரெக்கார்டர் கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் பேட்டரியைச் சீக்கிரம் தீர்க்கும், இடைவேளையில் மாற்றிவிடுங்கள். யுபிஎஸ் வேண்டாம், கரண்ட் போனதும் மெல்லிய நாக்டர்ன் நடுவே பீப் அடிக்கும்.

தொடங்குமுன் அறிவிப்பில் தெளிவாகச் சொல்லுங்கள்: போனை வைப்ரேஷனில் அல்ல, அணைத்தே வையுங்கள் (மர பெஞ்சில் வைப்ரேஷன் அதிரும்), வாசிப்பவர் கையை எடுத்த பிறகு கைதட்டுங்கள். இருந்தும் இருமல் வரும். பியானோ மேதை ஸ்வியாதோஸ்லாவ் ரிக்டரின் 1958 சோஃபியா (பல்கேரியா) கச்சேரிப் பதிவு முழுக்க இருமல்தான், ஆனாலும் அதை இன்றும் தேடிக் கேட்கிறார்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளால் இருமலைத் துடைக்கப் போனால் ஸ்வரம் தேய்ந்து அடங்கும் வால் முதலில் போகும். மாற்றித்தான் ஆக வேண்டிய இடங்களை, கூட்டம் முழுக்கக் கலையும் முன், ஸ்ருதி மாறும் முன், அதே மைக் நிலையில் வாசிப்பவரை மறுபடி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். காலையில் எடுத்த ஒத்திகையிலிருந்து வெட்டி ஒட்டினால் அறையின் எதிரொலி மாறுவது காட்டிக்கொடுக்கும். வெட்டி ஒட்டும் இடத்தை, புதிய கார்டு விழும் நொடியில் வையுங்கள். தேயும் ஒலியின் நடுவில் வேண்டாம்.

கடைசியில் ஒலி அளவை முழுக் கச்சேரிக்கும் ஒரே அளவில் ஏற்றி, உச்சத்தை -1 டெசிபலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக ஏற்றினால் மெல்லிய நாக்டர்னும் உரத்த பொலோனேசும் ஒரே சத்தத்தில் வந்து நிற்கும்.