மரப் பசிலுக்கு வண்ணம் பூசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவாக அறுக்கும் இயந்திரம்) அறுத்து முடித்ததும் பசில் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இறங்கும். விரலால் தூக்கினாலே வெளியே வந்துவிடும். அதே பசில், வண்ணமும் வார்னிஷும் ஏறிய பிறகு உள்ளங்கையால் அழுத்திக் குத்தினால்தான் பொருந்துகிறது என்றால் தவறு அறுப்பில் இல்லை, பூச்சில் இருக்கிறது. நாற்காலிக்கும் படச்சட்டத்துக்கும் பூசிப் பழகிய கையோடு பசிலுக்கு வருவதால் நேர்வது இது. நாற்காலியில் பக்கவாட்டு விளிம்பு சும்மா இருக்கும். பசிலில் அதுதான் நாள் முழுக்க உரசி வேலை செய்யும் பாகம்.

விளிம்பில் எவ்வளவு பூச்சு தாங்கும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும், பிறகு கை தானாகக் கட்டுப்படும். 5-ஆம் எண் பிளேடின் கனம் சுமார் 0.4 மி.மீ. அது விட்டுப்போகும் சந்தும் ஏறத்தாழ அவ்வளவுதான். அக்ரிலிக் ஒரு பூச்சு காய்ந்த பிறகு 0.03 மி.மீ. நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரைமர் எனும் அடிப்பூச்சு ஒன்று, வண்ணம் இரண்டு, வார்னிஷ் இரண்டு என ஐந்து பூச்சுக்கு 0.15 மி.மீ. எதிர்த் துண்டின் விளிம்பிலும் அதே அளவு ஏறியிருக்கும். ஆக 0.3 மி.மீ. போயிற்று, மிச்சம் கால்பங்கு. 2-ஆம் எண் போன்ற மெல்லிய பிளேடில் அறுத்திருந்தால் அந்த மிச்சமும் இருக்காது. ஈரக் காற்றில் மரம் கொஞ்சம் ஊதினாலும் துண்டு சிக்கிக்கொள்ளும்.

அதனால் மேல்பரப்புக்குப் பூசும் கனத்தில் விளிம்புக்கும் பூசுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். விளிம்பை வெறும் மரமாகவே விட்டுவிடுவது எனக்குப் பிடித்த வழி. பளிச்சென்ற சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே மரத்தின் நிறம் கோடாகத் தெரிவது அழகு. விளிம்பிலும் வண்ணம் வேண்டும் என்றால் அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து ஒரே ஒரு தரம் தடவி, உடனே துணியால் துடைத்துவிடுங்கள். நிறம் மரத்துக்குள் ஊறும், மேலே தடிப்பு நிற்காது. 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களை மரப்பலகையில் ஒட்டி, அதன் பிறகே எல்லைக்கோடுகள் வழியாக அறுத்தார். படம் முதலில், அறுப்பு பிறகு என்பதால் விளிம்பில் எதுவும் ஏற வழியில்லை. தட்டையான படப் பசிலுக்கு இன்றும் இதே வரிசை நன்றாகப் பொருந்தும். ஆனால் வண்ணம் முழுதாக இறுகிய பிறகே பலகையை ஸ்க்ரோல் சாவின் மேசையில் ஏற்ற வேண்டும்.

விளிம்பில் பூசவே இல்லை, ஆனாலும் துண்டு சிக்குகிறது என்பவர்கள் மேல்பரப்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பிரஷ்ஷை வெளியிலிருந்து உள்நோக்கி இழுத்தால் முனையில் வழித்த பெயிண்ட் விளிம்பில் சிறு கரையாகத் தேங்கிக் காய்ந்திருக்கும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இழுங்கள். ஈரம் போவதற்குள் காய்ந்த பிரஷ்ஷால் ஓரத்தை ஒருமுறை சுற்றி வழியுங்கள். நேரம் மிச்சம் என்று துண்டுகளைப் பொருத்தி வைத்தபடியே மேலே பூசுவதும் வேண்டாம். மெல்லிய சந்து பெயிண்டை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும், காய்ந்ததும் இரு துண்டுகளும் ஒட்டிக்கொள்ளும்.

பூச்சுக்கு முந்தைய வேலையில் நேரும் தவறுகளும் பூச்சில்தான் வெளிப்படும். அறுத்த பலகையின் அடிப்பக்கம் பிசிறு நிற்கும். அதை எடுக்காமல் பூசினால் ஒவ்வொரு பிசிறும் வண்ணத்தில் நனைந்து முள்ளாக விறைத்துவிடும். குழந்தையின் விரலில் அதுதான் சிலாம்பாக ஏறும். 220 உப்புத்தாளைத் தட்டைக் கட்டையில் சுற்றி அடிப்பக்கத்தை லேசாகத் தேய்த்தால் போய்விடும். கீழ்ப்பக்கம் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பியிருக்கும் பிளேடில் அறுத்தால் பிசிறே குறைவு. ஆனால் இந்த உற்சாகத்தில் பக்கவாட்டையும் தேய்த்துத் தள்ளிவிடாதீர்கள். பூட்டிக்கொள்ளும் குமிழைத் தேய்த்துவிட்டால் அது மறுபடி வளராது, துண்டு கடைசிவரை தொளதொளவென்றே இருக்கும்.

அறுக்க வேண்டிய கோடுகள் வரைந்த மாதிரித்தாளைப் பலகையில் ஒட்டிய பசையை மறந்துவிடுவதும் உண்டு. தாளை உரித்ததும் மரம் சுத்தமாகத்தான் தெரியும். பசை தங்கிய இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் திட்டுத்திட்டாக விலகும்போதுதான் தெரியவரும். மினரல் ஸ்பிரிட் எனும் பெயிண்ட் கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டுத் தொடங்குங்கள்.

தண்ணீர் கலந்த எந்த வண்ணமும் மர இழைகளை எழுப்பிவிடும். முதல் பூச்சு சொரசொரப்பாக ஆவது அதனால்தான், பெயிண்ட் மட்டம் என்று டப்பாவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஈரத்துணியால் முன்பே ஒருமுறை துடைத்து இழைகளை எழவிட்டு, காய்ந்ததும் 320 உப்புத்தாளால் நீவிவிட்டால் அதன் மேல் பூச்சு வழவழப்பாக உட்காரும். எம்டிஎஃப் (மர நார்களைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் அறுத்த விளிம்பு பெயிண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஓரம் ஊதவும் செய்யும். அதற்கு மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை (அரக்கு வார்னிஷ்) மெல்லியதாக ஒரு தரம் தடவினால் போதும்.

இனி, பொறுமையைச் சோதிக்கும் விஷயம். காய்வது வேறு, இறுகுவது வேறு. அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது. ஆனால் உள்ளே அது இறுகி முடிய இரண்டு மூன்று வாரம், சில நேரம் ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் பூசிய பரப்பும் பூசிய பரப்பும் அழுந்திக் கிடந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரு பிறந்தநாளுக்காக யானைக் குடும்பம் ஒன்றை அறுத்துப் பூசி, மூன்றாம் நாளே பொருத்தி, பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து குட்டியைப் பிரித்தபோது தாயின் வயிற்றிலிருந்து சாம்பல் வண்ணம் தோலாக உரிந்து வந்தது. ஆசையாகக் காத்திருந்த பிள்ளையின் முன்னால் நின்றது இன்னும் மனதில் உறுத்துகிறது. அன்று முதல் பூசி முடித்த துண்டுகளைத் தனித்தனியாகக் காற்றோட்டத்தில் மூன்று வாரம் பரப்பி வைக்கிறேன். கொடுக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அறுப்பையே தொடங்குகிறேன். அவசரம் என்றால் வண்ணம் பூசாத பசிலைக் கொடுப்பது மேல்.

மேல்பூச்சைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். எண்ணெய் வகைப் பாலியூரித்தேன் தேன் நிறத்தில் மஞ்சளடிக்கும். வெள்ளை பழுப்பேறும், நீலம் பச்சையாகத் திரும்பும். வெளிர் நிறங்களுக்கு நீர்வகைதான் சரி. கண்ணையும் மூக்கையும் ஆல்கஹால் மார்க்கரால் வரைந்திருந்தால் அதன் மேல் ஷெல்லாக் போடாதீர்கள். ஷெல்லாக்கும் ஆல்கஹாலில்தான் கரைந்திருக்கிறது. பிரஷ் பட்டதும் கண் கன்னத்துக்கு வழிந்துவிடும். எந்த மார்க்கராக இருந்தாலும் மீந்த மரத்துண்டில் சோதித்துவிட்டே பசிலைத் தொடுங்கள்.

வீட்டு மூலையில் கிடக்கும் பழைய டப்பாவை எடுத்துக் குழந்தையின் பசிலுக்குப் பூசும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் 1978-இல் 0.06 சதவீதமாக இருந்த ஈய வரம்பு 2009-இல் 0.009 சதவீதமாகக் குறைக்கப்பட்டது; அவ்வளவு சிறிய அளவும் பிள்ளைகளுக்குக் கேடு என்பதால்தான். வார்னிஷ் மேலே இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது, கடிக்கும் பல் வார்னிஷோடு நிற்காது. ஈஎன் 71-3 என்ற பொம்மைத் தரம் குறிப்பிட்ட பெயிண்டை வாங்குங்கள்.

ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் வகை வார்னிஷோ துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தானே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி உலோக டப்பாவில் மூடிவையுங்கள்.

எல்லாம் இறுகிய பிறகும் ஒரு துண்டு இழுத்துப் பிடித்தால் உடனே உப்புத்தாளை எடுக்க வேண்டாம். வெள்ளை மெழுகுவர்த்தியை அந்த விளிம்பில் ஒரு கோடு தேய்த்து, துணியால் நீவிப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கிவிடும். மெழுகை வண்ணத்துக்கு முன்னால் மட்டும் தொட்டுவிடாதீர்கள். அது பட்ட இடத்தில் எந்தப் பெயிண்டும் ஒட்டாது.