ஸ்பீக்கர் வயர் வாங்கப் போகிறீர்களா? பாக்கெட்டில் ஒரு பிளேடு இருக்கட்டும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு ஹாலில் 5.1 செட்டுக்கு (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) இரண்டு தடவை வயர் இழுத்தேன். முதல் தடவை ஏமாந்ததால்தான் இரண்டாவது தடவை. ரிசீவரில், அதாவது ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியில், எந்த ஸ்பீக்கர் எங்கே என்பது பெட்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.

முதலில் நீளம். வயர் நேர்க்கோட்டில் போகாது, சுவரோரமாகப் போய்க் கதவு நிலைக்கு மேல் ஏறி இறங்கும். அந்த வழி முழுக்க ஒரு நூலை ஓட்டி, அப்புறம் நூலை அளந்தேன். முன்னால் 4 மீட்டர், பின்னால் 11. ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் கூட வாங்குங்கள்.

அடுத்து தடிமன். வயரின் மின்தடை, ஸ்பீக்கரில் போட்டிருக்கிற ஓமில் (மின்தடையின் அளவு) 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 8 ஓமுக்கு அது 0.4. செம்பில் 1.5 சதுர மி.மீ. வயர் 11 மீட்டர் போய்த் திரும்பினால் 0.25 ஓம்தான், 0.75 வயர் என்றால் 0.5. அதனால் பின்னால் 1.5, முன்னால் 0.75 போதும். 4 ஓம் ஸ்பீக்கர் அவ்வளவு தூரத்தில் இருந்தால் மட்டும் 2.5. சில பாக்கெட்டுகளில் ஏ.டபிள்யூ.ஜி. (அமெரிக்க வயர் அளவு) எண் இருக்கும், எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 16 என்பது ஏறக்குறைய 1.3 சதுர மி.மீ.

சரி, நான் விழுந்த குழிக்கு வருவோம். கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில் பாதி விலைக்கு ஒரு சுருள் கிடைத்தது. பளபளவென்று செம்பு நிறம். ஒரு வருஷம் கழித்து சோபாவை நகர்த்தியபோது பின் ஸ்பீக்கர் ஊமையானது. திருகைத் தளர்த்தினால் நுனியில் வெள்ளைப் பொடி. முறுக்கிவிடப் பார்த்தால் இழைகள் காய்ந்த வைக்கோல் மாதிரி ஒடிகின்றன. அது சி.சி.ஏ., அதாவது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிமனில் செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்தடை. கடற்காற்று அடிக்கிற டர்பனில் அரிக்கவும் செய்யும்.

இப்போது கடையிலேயே ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்க்கிறேன். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். சுருளைக் கையில் தூக்கினாலும் தெரியும், அலுமினியம் காற்றுபோல இருக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். செம்பாகவும் மேலே சொன்ன தடிமனிலும் இருந்தால் சாதாரண டேபிள் விளக்கு வயரே போதும். ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு’ என்று தங்க எழுத்தில் போட்டதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வீட்டு ஹாலில் காதுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

உறையை ஒன்றரை சென்டிமீட்டர் உரித்து, இழைகளை இறுக்கி முறுக்குங்கள். ஒரு இழை பக்கத்துத் திருகைத் தொட்டாலும் ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளக்கூடும். இரண்டு முனையிலும் சிவப்புக்குச் சிவப்பு. ஒரு பக்கம் மாறினால் பேஸ் காணாமல் போகும்.

பிறகு சேர்த்தது: சுரண்டும்போது வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் பயப்படாதீர்கள் என்று வாசகர் ஒருவர் திருத்தினார். அது வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு.

இன்னொன்று. எலக்ட்ரீஷியனான என் மாமா நான் இழுத்த சிவப்பு, கறுப்பு வயரைப் பார்த்துவிட்டு, “டேய், இந்த ஊர் வீடுகளில் கரண்ட் வயரும் இதே நிறம்தான். நாளைக்கு எவனாவது மாற்றி வெட்டிவிடுவான்” என்றார். கரண்ட் குழாயிலிருந்து தள்ளி இழுத்து, மீட்டருக்கு ஒரு இடத்தில் வெள்ளை டேப் சுற்றி ‘ஸ்பீக்கர்’ என்று எழுதிவிட்டேன்.