அம்மா வெள்ளவத்தையில், நாங்கள் வெளிநாட்டில்: கெயார் மனேஜரிடம் என்ன கேட்க வேண்டும்?

கெயார் மனேஜர் குளிக்க வார்க்கவோ சாப்பாடு ஊட்டவோ வருபவர் அல்ல, அதற்குப் பராமரிப்பாளர் வேறு. டொக்டர், பாமசி, வீட்டில் நிற்கிற ஆள், லண்டனில் அண்ணா, ரொறன்ரோவில் தங்கச்சி, எல்லோருக்கும் நடுவில் நின்று வயதானவரின் நிலையை முழுதாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் அவர் வேலை.

முதல் சந்திப்பை போனில் முடிக்காதீர்கள், வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். வந்ததும் மருந்தெல்லாம் மேசையில் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அது ஒரு ஷொப்பிங் பை நிறைய இருந்தது. கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசை ஒரு பெயரில், தனியார் டொக்டர் எழுதியது இன்னொரு பெயரில், அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசித்தால் இரண்டுமே ஒரே மருந்து, லொசார்டன். அம்மா இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருந்தார், காலையில் எழும்பினால் தலைசுற்று, நாங்கள் வயது என்று விட்டுவிட்டோம். வந்தவர் தானாக எதையும் நிறுத்தவில்லை, இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு டொக்டரிடம் போனார். அதுதான் சரியான முறை.

கிளினிக்குக்குக் கூடப் போவதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அம்மாமார் டொக்டருக்கு முன்னால் "ஒண்டுமில்லை, சுகமாயிருக்கிறன்" என்றுதான் சொல்வார்கள், போன கிழமை குளியலறையில் விழுந்ததைச் சொல்ல ஒருவர் வேண்டும். கொழும்பில் கெயார் மனேஜருக்குச் சிங்களமும் தமிழும் இரண்டும் ஓட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம் வீடு: கொமோட்டுக்குப் பக்கத்தில் கைபிடி, இரவில் எரிய ஒரு பல்ப். மாடி ஃபிளாட் என்றால், கரண்ட் போய் லிஃப்ட் நின்றால் எப்படி இறக்குவது என்றும் கேளுங்கள். 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் நம்பரும் மருந்துப் பட்டியலும் பிரிட்ஜ் கதவில் இருக்கட்டும். 60 வயது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டை, பிரதேச செயலகத்தில் விசாரிக்கச் சொல்லலாம். அற்றோணித் தத்துவம் (அம்மாவுக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதுவதானால் நினைவு தெளிவாக இருக்கும்போதே சட்டத்தரணியிடம் போங்கள்.

காசு விஷயம்: கெயார் மனேஜர் சிபாரிசு செய்கிற பராமரிப்பாளர் ஏஜென்சியிடம் கொமிஷன் வாங்குகிறாரா என்று நேரடியாகவே கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிள்ளைகள் நாலு பேரும் தனித்தனியாக அவருக்கு அழைக்க வேண்டாம், ஒரு வட்ஸ்அப் குழு, பேச ஒருவர். ஆனால் எதையும் முடிவெடுக்க முதல் அம்மாவிடம் கேளுங்கள், அது அவருடைய வீடு.