ரொம்ப வருஷம் தாங்குற பிளாங்க் டிஸ்க் எப்படி பார்த்து வாங்குறது

கல்யாண வீடியோ, குழந்தைங்க போட்டோ, ஸ்கேன் பண்ணின பத்திரம் இதெல்லாம் டிஸ்க்ல ரைட் பண்ணி வைக்கணும்னு நினைக்கிறவங்க, தயவுசெஞ்சு கவர் மேல இருக்குற பேரை மட்டும் பார்த்து வாங்காதீங்க. பேரு ஒருத்தரோடது, செய்யறது இன்னொருத்தர், இந்த தொழில்ல ரொம்ப காலமா இப்படித்தான். ஒரே பிராண்டு ஒரே கவர், ஆனா இந்த லாட் ஒரு ஃபேக்டரி அடுத்த லாட் வேற ஃபேக்டரின்னு வரும். நாம நம்பி வாங்கின பழைய கம்பெனிங்களும் இப்ப பாதி இல்ல, ஜப்பான் தையோ யூடென் 2015ல நிறுத்திட்டாங்க, நம்ம ஊர் மோசர் பேயர் 2018ல லிக்விடேஷனுக்கு போச்சு, வெர்பாட்டிமை 2019ல தைவான் சிஎம்சி வாங்கிட்டாங்க, சோனி 2025 பிப்ரவரியோட ரைட் பண்ற ப்ளூரே டிஸ்க் தயாரிப்பையே முடிச்சுக்கிட்டாங்க.

அதனால பார்க்க வேண்டியது உள்ள இருக்குற லேயர். சிடி-ஆர், டிவிடி-ஆர் ரெண்டுலயும் இருக்குறது ஆர்கானிக் டை, லேசர் சூடுல அந்த டை மாறுறதுதான் ரைட்டிங், அதே டை வெயிலு, சூடு, ஈரப்பதம் பட்டா கொஞ்சம் கொஞ்சமா கெடும். ஆர்டபிள்யூ டிஸ்க்கு அழிச்சு அழிச்சு எழுதத்தான், பத்திரப்படுத்துறதுக்கு வேண்டவே வேண்டாம். ப்ளூரே பிடி-ஆர்ல ரெண்டு வகை இருக்கு, ஹெச்டிஎல், எல்டிஹெச். ஹெச்டிஎல்ல டை கிடையாது, இன்ஆர்கானிக் லேயர். எல்டிஹெச் மறுபடியும் அதே ஆர்கானிக் டைதான், விலை குறைவா இருக்கேன்னு எடுத்துடாதீங்க, பேக்ல சின்னதா எல்டிஹெச் டைப்னு போட்டிருக்கும். பிரிச்சு வெளிச்சத்துல சாய்ச்சு பார்த்தா பெரும்பாலும் ஹெச்டிஎல் கறுப்பு கலந்த சாம்பல், பழுப்பு மாதிரி தெரியும், எல்டிஹெச் தங்க நிறமா பளபளன்னு இருக்கும். என்னைக் கேட்டா இன்னைக்கு வாங்குறவங்களுக்கு 25 ஜிபி ஹெச்டிஎல் பிடி-ஆர்தான் சரி, ஒரு டிஸ்க்குலயே அஞ்சு டிவிடி டேட்டா போயிடும். எம்-டிஸ்க்னு ரொம்ப காலம் தாங்கறதுக்காகவே செஞ்ச ஒரு வகை டிஸ்க்கை இன்னும் உறுதின்னு சொல்லி விக்கிறாங்க, அதை கண்டுபிடிச்ச மில்லெனியாட்டா கம்பெனி 2016ல மூடிட்டாலும் வெர்பாட்டிம் பேர்ல கிடைக்குது. எம்-டிஸ்க் டிவிடி எழுத அதுக்கு சப்போர்ட் உள்ள டிரைவ் வேணும், படிக்க சாதா டிரைவே போதும். ஆயிரம் வருஷம், நூறு வருஷம்னு கவர்ல போடுறதெல்லாம் லேப்ல சூடும் ஈரமும் ஏத்தி வேகமா பழசாக்கி பார்த்து போட்ட கணக்கு, அதை அப்படியே நம்பி ஒரே காப்பியோட நிக்காதீங்க.

டிவிடிதான் வேணும்னா முதல்ல ஒரு சின்ன பேக் மட்டும் வாங்குங்க. ஒரு டிஸ்க்கை போட்டு இம்ஜ்பர்ன்ங்கற டிஸ்க் எழுதுற சாஃப்ட்வேரை திறந்தா வலது பக்கத்துல டிஸ்க் ஐடின்னு ஒரு கோடு வரும். எம்சிசின்னா மிட்சுபிஷி கெமிக்கல், டிஒய்ஜின்னா தையோ யூடென், சிஎம்சி மேக்னா சிஎம்சி, ரைடெக்னா அதே பேரு கம்பெனி, எம்பிஐன்னா மோசர் பேயர். ஆனா இந்த கோடு டிஸ்கோட ஃபார்முலாவைத்தான் சொல்லும், இப்ப யாரு செய்யறாங்கன்னு அடிச்சு சொல்லாது, எம்சிசி ஐடி போட்ட வெர்பாட்டிம் ஏஇசட்ஓ (அவங்க டையோட பேரு) டிஸ்க்கெல்லாம் இப்ப சிஎம்சியோடதுதான். அதனால எழுதி பார்த்துத்தான் முடிவு பண்ணணும். பழைய தையோ யூடென் ஸ்டாக் இருக்குன்னு யாராவது சொன்னாலும் யோசிங்க, எழுதாம சும்மா வச்சிருந்தாலும் டை கெடும், பிளாங்க் டிஸ்க்குக்கே அஞ்சுல இருந்து பத்து வருஷம்னு அமெரிக்க அரசோட தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி 2003 கையேட்டுல போட்டிருக்காங்க.

எழுதுறப்போ 16எக்ஸ் வேகம்னு போட்ட டிவிடின்னா 8எக்ஸ் வேகத்துல எழுதுங்க, ரொம்ப ஸ்லோவா எழுதினா நல்லா இருக்கும்ங்கறது எல்லா டிஸ்க்குக்கும் சரியில்ல. எழுதினதை திருப்பி படிச்சு சரிபார்க்குற வெரிஃபை டிக் கண்டிப்பா போடுங்க. வெரிஃபை பாஸ் ஆனா இன்னைக்கு படிக்க முடியுதுன்னு மட்டும்தான் அர்த்தம், உண்மையான நிலைமை தெரியணும்னா டிஸ்க்ல இருக்குற எரரை எண்ணிக் காட்டுற லைட்ஆன் கம்பெனி டிரைவ் ஒண்ணு பிடிச்சு நீரோ டிஸ்க்ஸ்பீடுங்கற சாஃப்ட்வேர்ல குவாலிட்டி டெஸ்ட் ஓட்டுங்க. டிவிடிக்கு பிஐ எரர், அதாவது படிக்கறப்போ டிரைவ் திருத்திக்கிற தப்போட எண்ணிக்கை, 280ஐ தாண்டக்கூடாது, நல்ல டிஸ்க் அதுக்கு ரொம்ப கீழ நிக்கும், கிராஃபோட கடைசி ஓரத்துல கோடு சடார்னு ஏறினா அந்த பேக்கை முக்கியமானதுக்கு தொடாதீங்க. சிடின்னா சி2 எரர்ங்கற பெரிய தப்பு பூஜ்யமா இருக்கணும்.

நம்ம ஊர் புழுக்கத்துல டிஸ்க்கை பரண்ல, ஓட்டு வீட்டுல, மொட்டைமாடிக்கு நேர் கீழ் ரூம்ல வைக்காதீங்க. நல்ல கேஸ்ல நிக்க வச்சு, வெயில் படாத பீரோவுல, காத்து புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வைங்க. ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது. பேரு எழுதணும்னா நடுவுல இருக்குற பிளாஸ்டிக் வளையத்துல மட்டும், வாட்டர் பேஸ் மார்க்கர்ல. சிடில டேட்டா இருக்குறது மேல் பக்கம் பிரிண்டுக்கு ஒட்டினாப்ல, கீழ விழுற கீறலை விட மேல விழுற கீறல்தான் அதை கொல்லும், டிவிடில அது ரெண்டு பிளாஸ்டிக் நடுவுல இருக்கு.

ஒரே டேட்டாவை ரெண்டு வேற கம்பெனி டிஸ்க்ல எழுதி, ஒண்ணை சொந்தக்காரங்க வீட்டுல குடுத்து வைங்க, ஃபைல் மாறிச்சா இல்லையான்னு சொல்ற கைரேகை மாதிரியான எஸ்ஹெச்ஏ செக்சம் ஃபைலும் அதுலயே போட்டுடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை செக்சம் ஓட்டுங்க, படிக்க திணறினா அன்னைக்கே புது டிஸ்க்குக்கு காப்பி. ஒரு யுஎஸ்பி ப்ளூரே டிரைவ் எக்ஸ்ட்ராவா வாங்கி வச்சுக்கோங்க, இப்ப வர்ற லேப்டாப்ல டிரைவே கிடையாது.